மேல் வரியில் இருந்தவர்

செத்துப்போனவர்கள் உயிரோடிருந்த காலத்தில் என்ன வேலை பார்த்தார்கள் என்று கண்டுபிடிப்பதற்காக ஹட்டனில் ஒரு காரியாலயம் திறந்திருந்தார்கள். அதன் பெயர் பரம்பரைத் தொழில் உறுதிப்பாட்டு அலகு. ஒரு கலியாண மண்டபத்தின் மேல்மாடியில் அது இருந்தது. கீழே கலியாணம் நடக்கும் நாட்களில் மேலே வேலை நடக்காது. மேளச் சத்தத்தில் பழைய கையெழுத்தை வாசிக்க முடிவதில்லை என்று உத்தியோகத்தர்கள் எழுத்தில் முறையிட்டு அந்தச் சலுகையைப் பெற்றிருந்தார்கள். கலியாணம் இல்லாத நாட்களில் மழை பெய்து இருட்டிக்கொண்டிருக்கும். வெளிச்சம் போதாது என்றும் அவர்கள் முறையிட்டிருந்தார்கள். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

செல்லசாமி அந்தப் படிகளில் முதன்முதலாக ஏறியது ஒரு சுவர் வெடிப்பினால். அவர் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு சப்பாத்துக் கடையில் வேலை செய்தார். குடியிருப்பு டிக்கோயாவுக்கு மேலே குடைமலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தின் கடைசிக்கு முந்தின காம்பரா, ஒற்றை அறை. போன வருடத்து மழையில் பக்கத்துச் சுவர் வெடித்தது. முதலில் விரல் போனது, பிறகு கை போனது. வேறொரு காரியாலயத்திலிருந்து வந்தவர்கள், 'இந்தக் கட்டடம் உயிராபத்தானது' என்று ஓர் அறிவித்தலை வெடிப்பின் மேலேயே ஒட்டிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு காற்று உள்ளே வருவது கொஞ்சம் குறைந்தது.

இந்த நிலையில்தான், தோட்டத்தில் பரம்பரையாக வேலை செய்த குடும்பங்களுக்கு வீடு கட்ட ஏழு பேர்ச் காணி என்ற செய்தி வந்தது. அடுத்த மழைக்கு முன் ஒரு கூரையாவது போட்டுவிட வேண்டும் என்று செல்லசாமியின் மனைவி நிஷாந்தி சொன்னாள். அவள் அதிகம் பேசுகிறவள் அல்ல. ஆகவே சொன்னதை அவர் இரண்டு முறை கேட்க வேண்டியிருக்கவில்லை.

பரம்பரை என்பதற்குச் சாட்சி, அந்தத் தோட்டத்தில் செத்த ஒரு மூதாதையின் மரணச் சான்றிதழ். அதில் தொழில் என்ற இடத்தில் தொழிலாளி என்று இருக்க வேண்டும். செல்லசாமி, தன் தாய் வீரம்மா இன்றைக்கும் அந்த மலையில்தான் கொழுந்து பறிக்கிறாள், வேண்டுமானால் வந்து பார்க்கலாம் என்றார்.

“உங்க அம்மா உயிரோட இருக்காங்கதானே,” என்றாள் சுலக்ஷனா. அவள் அலகின் முகாமைத்துவ உதவியாளர். அதைக் குறையாகச் சொல்லவில்லை, ஒரு விவரமாகத்தான் சொன்னாள். “உயிரோட இருக்கிறவங்க தொழில் நாளைக்கே மாறலாம். செத்தவங்க தொழில்தாங்க நிரந்தரம். மேலிடத்துச் சுற்றுநிருபத்தில அப்பிடித்தான் இருக்கு.”

செல்லசாமி தன் தாயின் தகப்பனான தாத்தா பழனியாண்டியின் சான்றிதழை நீட்டினார். தாத்தாவை அவர் பார்த்ததில்லை. வெள்ளைக்காரத் துரைமார் இருந்த காலத்தில் செத்தவர். சான்றிதழில் எல்லாம் சாய்ந்த ஆங்கில எழுத்தில் அழகாகவே இருந்தது. பெயர், வயது, இனம், மரணத்துக்குக் காரணம் காய்ச்சல். தொழில் என்ற இடத்தில் மட்டும் இரண்டு சின்னக் கீறல்கள். யாரோ பேனாவில் மை வருகிறதா என்று பார்த்தது போல.

சுலக்ஷனா தாளை ஜன்னல் பக்கம் திருப்பினாள், தலைகீழாகப் பிடித்தாள், நகத்தால் மெல்லச் சுரண்டினாள். கறை என்றால் ஒரு படிவம், எழுத்து என்றால் இன்னொரு படிவம். எது என்று தெரியாவிட்டால் வாசிப்புக் குழுவுக்குப் போகும். குழு மாதத்துக்கு ஒருமுறைதான் கூடும். அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னாள். பழைய சான்றிதழ்களில்தான் இந்தக் கஷ்டம். இப்போதெல்லாம் கணினியில் அடிக்கிறார்கள், தொழில் பளிச்சென்று வரும். அம்மாவினுடைய சான்றிதழ் இருந்தால் ஒரே நாளில் முடித்துவிடலாம்.

அன்று வீட்டுக்கு வந்த செல்லசாமி இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று வெகுநேரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார். வீரம்மா ஓய்வு பெற்ற பிறகும் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கிறவள். விரல் இடுக்கில் கறுத்திருந்த தேயிலைப் பிசினைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“கடைசித் தேதி எப்பவாம்?” என்று கேட்டாள்.

“மாசக் கடைசி.”

அவள் மற்றக் கையையும் தேய்த்து முடித்தாள்.

“முடியாதுன்னு சொல்லிடு. இந்த மாசம் கொழுந்து ரொம்பக் கூட.”

*

வாசிப்புக் குழு கூடிய அன்று குத்துவிளக்கு ஏற்றப்பட்டது. தொழில் தெரியாமல் செத்த அனைவருக்காகவும் எழுந்து நின்று மௌனம் அனுஷ்டித்தார்கள். குழுவுக்குத் தலைமை தாங்கிய தவிசாளர் யேசுரட்ணம், ஓய்வுபெற்ற உதவிச் செயலாளர், மௌனம் போதும் என்று தன் மணிக்கூட்டைப் பார்த்துத் தலையசைத்த பிறகு பேசினார். மேடையில் அவர் ஏட்டுத் தமிழில்தான் பேசுவார். தேநீர் கேட்பதாக இருந்தாலும் அப்படித்தான்.

“என் பாட்டனோ பூட்டனோ கூடை தூக்கியவர்கள் அல்லர். ஆகையால் இந்த விடயத்தில் எனக்கு எந்தப் பக்கச்சார்பும் கிடையாது. உங்கள் முன்னோர் என்ன செய்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். தெரிந்திருப்பது வேறு, வாசிக்கப்பட்டிருப்பது வேறு. ஒரு மனிதன் வாழ்நாள் முழுவதும் உழைக்கலாம். அது வாசிக்கப்படும்வரை அவன் சும்மா இருந்தவனே.”

குழுவில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் நில அளவையாளர். மற்றவர் சுகிர்தம் என்ற வயதான மருந்தாளர். அந்தக் காலத்தில் தோட்டத்து மரணங்களைப் பதிந்ததெல்லாம் தோட்டத்து மருந்துக்கார ஐயாமார்தான். ஆகவே அந்தக் கையை வாசிக்க அதே தொழிலில் இருந்தவர் வேண்டும் என்று அவரைப் போட்டிருந்தார்கள். சுகிர்தம் பூதக்கண்ணாடியைக் கீறல்களுக்கு மேல் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். அங்கிருந்த எல்லோரும் அந்த அமைதிக்கு மரியாதை கொடுத்தார்கள்.

“காலையில் ஒன்று, மாலையில் ஒன்று,” என்றார் கடைசியில். “சாப்பாட்டுக்குப் பிறகு.”

அது தொழிலா என்று தவிசாளர் கேட்டார். தொழில் அல்ல, ஆனால் எழுத்து அதைத்தான் சொல்கிறது என்று சுகிர்தம் பணிவாகச் சொன்னார். அது கூட்டறிக்கையில் பதியப்பட்டது. நில அளவையாளர், இவை இரண்டு எல்லைக் கற்கள், இவற்றுக்கு இடைப்பட்ட தூரம் தெரிந்தால் மேற்கொண்டு ஏதாவது சொல்லலாம் என்றார். அதுவும் பதியப்பட்டது.

தவிசாளர் இருவரையும் கேட்டுவிட்டுப் புன்னகைத்தார். இவை மேற்படிக் குறி என்று அறிவித்தார். மேலே என்ன உண்டோ அதுவே இங்கும் என்று பொருள். எழுதியவர் சோம்பேறி, அவ்வளவுதான். செல்லசாமிக்கு ஒரு கணம் மூச்சு வந்தது. தவிசாளர் சான்றிதழில் தொழிலுக்கு மேலே இருந்த கட்டத்தில் விரலை வைத்தார். அங்கே இனம் என்ற தலைப்பில் இந்தியத் தமிழர் என்று இருந்தது.

“தொழில்: இந்தியத் தமிழர்,” என்று அவர் வாசித்தார். சுலக்ஷனா எழுதிக்கொண்டாள்.

“ஐயா, அது வேலை இல்லீங்களே,” என்றார் செல்லசாமி.

“அப்படி நீங்கள் நினைக்கிறீர்கள். ஒருவர் காலையிலிருந்து மாலைவரை, லீவு இன்றி, பதவியுயர்வு இன்றி, சாகும்வரை ஒன்றாகவே இருந்துகொண்டிருந்தால் அதை வேறு என்னவென்று சொல்வது? அதை முழுநேரத் தொழிலாகவே குழு கருதுகிறது. ஆனால் அங்கீகரிக்கப்பட்ட பதவிகளின் பட்டியலில் அப்படி ஒரு பதவி கிடையாது. ஆகவே காணி இல்லை. மேன்முறையீடு செய்யலாம்.”

*

பஸ்ஸில் போகும்போது செல்லசாமி ஜன்னல் கண்ணாடியில் ஒழுகும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே யோசித்தார். சான்றிதழ் என்பது பெரிய புத்தகத்தில் இருக்கும் ஒரு வரியின் நகல். ஒரு வரியை மட்டும் பிடுங்கி எடுத்தால் கீறலுக்கு மேலே என்ன இருக்கும்? வரிக்கு மேலே வரிதானே இருந்திருக்கும். அந்த வரியில் செத்தவரும் ஒரு தொழிலாளியாகத்தான் இருப்பார். முழுப் பக்கத்தையும் கொண்டுபோய்க் காட்டினால் விஷயம் முடிந்தது.

கடைக்கு லீவு போட்டு, ஆவண அறைக்கு அலைந்து, முழுப் பக்கத்தின் அத்தாட்சிப் பிரதியை வாங்கினார். பழனியாண்டிக்கு மேல் வரியிலும் இரண்டு கீறல். அதற்கு மேலும் இரண்டு கீறல். பக்கம் முழுவதும் மேலிருந்து கீழே மழைத் துளி போலக் கீறல்கள். பக்கத்தின் உச்சியில், முதல் வரியில், நல்ல மையில், சுழித்துச் சுழித்து முழுதாக எழுதியிருந்தது. செத்தவர் ஹார்வுட். இனம் ஆங்கிலேயர். குதிரையிலிருந்து விழுந்து மரணம். தொழில் தோட்டத்தின் துரை.

செல்லசாமிக்கு அந்த மருந்துக்கார ஐயாவைக் கண்ணால் பார்த்தது போல் இருந்தது. துரை செத்த அன்று சட்டை மாற்றிக்கொண்டு வந்து எழுதியிருப்பார். பிறகு செத்ததெல்லாம் லயத்து ஆட்கள். அவர்கள் என்ன வேலை செய்தார்கள் என்று யாராவது கேட்பார்களா? கேட்கவே மாட்டார்கள். பெயரும் காய்ச்சலும் எழுதினால் போதும். தொழிலுக்கு இரண்டு கீறல். மேலே யார் இருந்தது என்று திரும்பிப் பார்க்கவேண்டிய தேவை அந்தத் தோட்டத்தில் யாருக்கும் வந்ததில்லை.

இதைப் பார்த்தால் யாருக்கும் புரியும் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையோடுதான் மேன்முறையீட்டுக் கூட்டத்தில் பக்கத்தை விரித்துவைத்தார்.

தவிசாளர் யேசுரட்ணம் முதல் வரியிலிருந்து விரலை மெல்லக் கீழே இறக்கினார். ஓரிடத்தில் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு கடைசிவரை போனது. நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ஒரு வகையான பிரகாசம் இருந்தது.

“ஆவணம் சொல்வதை வாசிப்பதே எங்கள் கடமை. சொல்லாததை ஊகிப்பது கடமை அல்ல. இந்தப் பக்கத்தின்படி குடைமலைத் தோட்டத்தில் இறந்தவர்கள் அனைவரும் துரைமார். பழனியாண்டி துரை. அவருக்கு மேலே உள்ளவர் துரை. இங்கே ஆறு மாதக் குழந்தை ஒன்று இருக்கிறது, அதுவும் துரை.” அவர் நிறுத்தி, அந்த வரியை மறுபடி பார்த்தார். “இளம் வயதில் பெரிய பதவி.”

செல்லசாமி அவருடைய முகத்தையே பார்த்தார். விளையாட்டு எதுவும் தெரியவில்லை.

“அப்ப கொழுந்து பறிச்சது யாருங்க?”

“அது எங்கள் பிரிவுக்கு உட்பட்டதல்ல. இந்தத் தோட்டத்தில் தொழிலாளிகள் எவரும் இருந்ததாக ஆவணம் இல்லை. அவ்வளவே எங்களுக்குத் தெரியும். தொழிலாளிகளின் காணியைத் துரைமாரின் வாரிசுகளுக்குக் கொடுத்தால், வரலாறு எங்களை மன்னிக்குமா?”

குழு அந்தக் கேள்வியைக் கூட்டறிக்கையில் சேர்த்தது. செல்லசாமி பழனியாண்டித் துரையின் சட்டபூர்வ வாரிசு என்று சீல் வைத்து ஒரு கடிதம் கொடுத்தார்கள். அந்தப் பக்கத்தில் பெயர் இருந்த மற்றக் குடும்பங்களுக்கும் அதே கடிதம் தபாலில் போனது. அவர்களில் சிலருக்கு, கீறலைக் கறை என்று எடுத்துக்கொண்டதில், காணி ஏற்கனவே சரியாகியிருந்தது. அது ரத்தாயிற்று.

*

அடுத்த நாள் காலையில் சுவர் வெடிப்பு பேசியது.

“துரை எந்திரிச்சிட்டாரா?”

பக்கத்துக் காம்பராவில் இருந்த சோலைமலைதான். வயதில் மூத்தவர், உறவில் மாமன் முறை. அவருடைய பாட்டனும் அந்தப் பக்கத்தில் இருந்தார். அறிவித்தல் தாளின் ஓரத்தை நீக்கிவிட்டு வாயை வைத்துப் பேசினார்.

“மாமா, நான் வேணும்னா செஞ்சேன்?”

“நீங்க என்ன செய்வீங்க. துரைமாரு எப்பவும் நல்லதுக்குத்தான் செய்வாங்க. நாங்கதான் புரியாத ஜனம்.”

தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் நிஷாந்திக்குத் துரைச்சாணி என்று பெயர் வைத்தார்கள். அவள் குடம் நிறையும்வரை தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வருவாள். செல்லசாமி லயத்து வாசலால் போனால் யாராவது ஒருவர் தொப்பியைக் கழற்றுவது போல் வெறுந்தலையைத் தடவுவார். ரத்தான காணிகளை நினைத்தால் அவருக்கு இதெல்லாம் குறைவாகவே பட்டது. மேகம் வேறு தினமும் மலையை விட்டு இறங்கி வந்து வாசலில் நின்றது. வெடிப்பில் நிஷாந்தி பழைய சேலையைத் திணித்திருந்தாள். அதை எடுத்துப் பார்த்தபோது ஈரமாக இருந்தது.

இனி எதைக் கேட்பது என்று தெரியாமலே அவர் மறுபடி அலகுக்குப் போனார். அவரைப் போலவே எதைக் கேட்பது என்று தெரியாமல் வந்தவர்களுக்கு ஒரு வாங்கு போட்டிருந்தார்கள். அதில் உட்கார்ந்தால் எதிரே சுவரில் சுற்றுநிருபம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தெரியும். யாரும் வாசிப்பதில்லை. செல்லசாமி வாசித்தார், வேறு வேலை இல்லாததால். கீழே ஒரு பிரிவு இப்படி இருந்தது: 'ஐயம் ஏற்படின், குறித்த தோட்டத்தின் துரையோ அன்றி அவரது சட்டபூர்வ வாரிசோ, இறந்தவர் அங்கு தொழிலாளியாக இருந்தார் என எழுத்தில் உறுதிப்படுத்தலாம்.'

அதை யாரோ நல்லெண்ணத்தோடு சேர்த்திருந்தார்கள். பயன்படாத நல்லெண்ணம். வெள்ளைக்காரத் துரைகளின் பேரன்மார் எந்த நாட்டில் இருக்கிறார்களோ. இன்றைய கம்பனித் துரைமார், அது எங்கள் காலத்துக்கு முன் நடந்தது என்று கையை விரித்துவிடுவார்கள்.

செல்லசாமி அந்தப் பிரிவை வாசித்தார். எழுந்து வெளியே போய்ப் பிளேன்டீ குடித்தார். திரும்ப வந்து மறுபடி வாசித்தார். பிறகு சுலக்ஷனாவின் மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

“மிஸ், நான் துரையோட வாரிசுன்னு நீங்க எழுதிக் குடுத்தீங்கதானே?”

“ஆமா.”

“சீல் வச்சு?”

“சீல் வச்சுத்தான்.”

“எங்க லயத்துச் சோலைமலை மாமாவும்?”

“அவருந்தான். எல்லாருந்தானே.” அவள் பதில் சொல்லி முடித்த பிறகுதான் திரும்பிச் சுற்றுநிருபத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அவரைப் பார்த்தாள். ஒரு கட்டு வெள்ளைத் தாளை மட்டும் மேசையின் இந்தப் பக்கம் தள்ளினாள்.

ஞாயிற்றுக்கிழமை பகலில், பெரட்டுக் களத்தில், ஆட்களைக் கணக்கெடுத்து மலைக்கு அனுப்புகிற அந்த இடத்தில், குடைமலைத் தோட்டத்தின் துரைமார் கூடினார்கள். தன் தாத்தாவுக்குத் தானே எழுத முடியாது என்பதால் மாற்றி மாற்றி எழுதினார்கள். பழனியாண்டி இத்தோட்டத்தில் தொழிலாளியாக இருந்தார் என்று சோலைமலைத் துரை உறுதிப்படுத்தினார். சோலைமலையின் பாட்டனைச் செல்லசாமித் துரை உறுதிப்படுத்தினார். எழுதத் தெரியாத துரைமார் பெருவிரலை வைத்தார்கள்.

“நல்லா முழுசா எழுதுங்க மாமா,” என்றார் செல்லசாமி.

“எழுதுறேன், எழுதுறேன். துரைய அவசரப்படுத்தக் கூடாது,” என்றார் சோலைமலை. கோபம் போயிருந்தது என்று அதிலிருந்து தெரிந்தது.

எல்லாம் முடிந்து தாள்களை அடுக்கும்போது, அந்தக் குழந்தை யாருடையது என்று வீரம்மா கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. அந்தக் குடும்பம் எப்போதோ இந்தியாவுக்குக் கப்பலேறிப் போயிருக்கலாம். காணி கேட்க ஆள் இல்லாததால் அதற்குத் தாளும் தேவையில்லை என்று சோலைமலை விளக்கினார்.

“அதுக்கும் ஒண்ணு எழுதுங்க.”

“என்ன வேலைன்னு எழுதுறது, அக்கா?”

வீரம்மா கொஞ்சம் யோசித்தாள். “ஆத்தாக்காரி மலையில நிக்கிறப்ப புள்ளக்காம்பராவில கெடந்து அழுதுச்சுன்னு எழுதுங்க.”

யாரும் சிரிக்கவில்லை. சோலைமலை அப்படியே எழுதினார்.

*

தாள்களில் பிழை பிடிக்க முடியவில்லை. வாரிசுக் கடிதங்களில் இருந்த சீல் அலகினுடையது. கையெழுத்து தவிசாளருடையது. சுகிர்தம் எல்லாவற்றையும் பூதக்கண்ணாடியால் பார்த்துவிட்டு, வாசிக்க முடிகிற எழுத்தைப் பார்த்து எவ்வளவோ காலமாயிற்று என்று சொன்னார். கோப்புகள் தவிசாளரின் மேசைக்குப் போயின. ஆனால் அங்கிருந்து அசையவில்லை. ஒரு வாரம் கழித்துச் செல்லசாமியை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள்.

“கதவச் சாத்துங்க தம்பி,” என்றார் யேசுரட்ணம்.

அவர் இப்படிப் பேசிச் செல்லசாமி கேட்டதில்லை. வேறு யாரோ அறையில் இருக்கிறார்களோ என்று ஒரு கணம் சுற்றிப் பார்த்தார். மேசையில் குடைமலைக் கோப்புகள் அடுக்கியிருந்தன. அடியில் தன் பெயர் தெரிந்தது.

யேசுரட்ணம் அந்தப் பழைய பக்கத்தின் பிரதியை எடுத்து விரித்தார். முன்னொரு நாள் அவர் விரல் நின்ற இடத்திலேயே மறுபடி விரலை வைத்தார்.

“நாலாவது வரி. எங்க தாத்தாங்க. டயகமப் பக்கம் கவ்வாத்து வெட்டிக்கிட்டு இருந்தவரு, கடைசிக் காலத்தில குடைமலைக்கு வந்துட்டாரு. அதுக்கப்புறம்தான் அப்பா கிறிஸ்து வேதத்துக்குச் சேர்ந்து, படிச்சு, டவுனுக்கு வந்தது.” குரல் இன்னும் இறங்கியது. “அன்னைக்கு அவரத் துரைன்னு வாசிச்சேன் பாருங்க. அப்ப ஒரு சந்தோஷம் வந்துச்சு தம்பி. சின்னப் புள்ளைக்கு வர்ற மாதிரி.”

மழை தகரத்தில் விழும் சத்தம் இருவருக்கும் பொதுவாக இருந்தது. அந்த நிமிடத்தில் செல்லசாமிக்கு இந்த மனிதரைப் பிடித்துக்கூடப் போயிருந்தது. இன்னும் கொஞ்சம் பேசாமல் இருந்திருந்தால் அப்படியே நிலைத்திருக்கும்.

“ஒரு தாள் எழுதிக் குடுங்க. தாத்தா தொழிலாளிதான்னு. நீங்க துரை பரம்பரை, உங்க கையெழுத்து செல்லும்.”

“ஐயாவுக்கு டவுன்ல வீடு இருக்குதுங்களே?”

“வீடு இருக்கு. இது பரம்பரைக் காணியாச்சே, விடலாமா? எழுதிட்டீங்கன்னா எல்லாக் கோப்பையும் இன்னைக்கே முடிச்சிடலாம். இது வெளியில போக வேணாம்.”

செல்லசாமி கோப்பு அடுக்கின் அடியைப் பார்த்தார். எழுதச் சொன்னது பொய்யாக இருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பார். அவர் கேட்டது முழு உண்மையாக இருந்ததுதான் தொல்லை. நாலாவது வரியில் இருந்த மனிதர் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர், மழையில் நனைந்தவர், ஒரு கீறலாகப் போனவர். அவருக்காக என்று நினைத்துக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

*

காணிப் பத்திரங்களான உறுதிகளைக் கீழே கலியாண மண்டபத்திலேயே கொடுத்தார்கள். முந்தின நாள் கலியாணத்தின் வாழைமரம் வாசலில் வாடாமல் இருந்தது. யேசுரட்ணம் மறுபடி ஏட்டுத் தமிழில் பேசினார்.

“நானும் உங்களில் ஒருவன். எந்தப் பரம்பரையும் இழிந்தது அல்ல என்பதை இந்த அலகு நிலைநாட்டியுள்ளது.”

செல்லசாமிக்கு அருகில் உட்கார்ந்திருந்த சோலைமலை, இந்த ஆளுக்கு என்ன நடந்தது, முதல் கூட்டத்தில் பாட்டன் பூட்டன் என்று என்னமோ சொன்னாராமே என்று காதில் கேட்டார். செல்லசாமி தெரியாது என்றார்.

பெயர் கூப்பிடக் கூப்பிடப் போய் வாங்கினார்கள். நிஷாந்தி உறுதியை வாங்கி மடியில் வைத்து, ஓரங்களை நீவினாள். காணி இலக்கம் இருந்தது. எல்லை இருந்தது. சரிவில்தான், ஆனாலும் காணி. பழனியாண்டியின் வழித்தோன்றல் வீரம்மா என்று தெளிவாக எழுதியிருந்தது. தொழில் என்ற இடத்தில் நிஷாந்தியின் விரல் நின்றது. அவள் தாளைக் கணவன் பக்கம் நகர்த்தினாள்.

இரண்டு சின்னக் கீறல்கள்.

செல்லசாமி எழுந்து சுலக்ஷனாவிடம் போனார். அவள் களைத்திருந்தாள். அச்சு இயந்திரம் பழுது என்பதால் எல்லா உறுதிகளையும் கையால் எழுத வேண்டியிருந்தது. முதலில் பட்டியல் எழுதினாளாம், பிறகு பட்டியலில் உள்ளதை உள்ளபடியே ஒவ்வோர் உறுதிக்கும் நகலெடுத்தாளாம். உள்ளதை உள்ளபடி என்பது சுற்றுநிருபத்தில் இருந்தது.

“எல்லாருக்கும் ஒரே தொழில்தானே அண்ணே. எதுக்குத் திரும்பத் திரும்ப எழுதணும்னுதான் மேற்படி போட்டேன்.”

“மேல யாரு, மிஸ்?”

அவள் பட்டியலைத் திருப்பிக் காட்டினாள். முதல் வரியில், ரோட்டோரத்துச் சமதரைக் காணிக்கு நேராக, நல்ல மையில் முழுதாக எழுதியிருந்தது. யேசுரட்ணம். தொழில்: தவிசாளர். அதற்குக் கீழே பக்கம் முழுவதும் மழைத் துளிகள்.

வீட்டுக்கு வந்தபோது வீரம்மா மலையிலிருந்து வந்து, இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்து உலர்த்திக்கொண்டிருந்தாள். செல்லசாமி உறுதியை வாசித்துக் காட்டினார். கீறல்கள் வந்த இடத்தில் நிறுத்தினார். நிறுத்தியது ஏன் என்று அவள் கேட்டாள். சொன்னார்.

“அப்ப நான் தவிசாளரா?”

“தாள்ல அப்பிடித்தான்.”

“நாளைக்குப் பெரட்டுக்குப் போக வேணாமா?”

“போகணும்.”

அவள் உட்கார்ந்தாள். வெடிப்பில் திணித்திருந்த சேலை காற்றில் கொஞ்சம் அசைந்தது. அந்தப் பக்கம் சோலைமலை தன் உறுதியை யாருக்கோ சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். அவரும் அந்த இடத்தில் நிறுத்தினார்.

“நீதான் துரை பேரனாச்சே,” என்றாள் வீரம்மா கடைசியில். “எனக்கும் ஒரு தாள் எழுதி வை. இப்பவே. இங்க மேல பாத்து எழுதுறவங்கதான் இருக்காங்க, என்னப் பாத்து எழுதுறவங்க இல்ல.”

செல்லசாமி தாள் எடுத்தார். பெரிய எழுத்தில், ஒன்றோடொன்று ஒட்டாமல் எழுதினார். வீரம்மா. குடைமலைத் தோட்டம். தொழில்: கொழுந்து பறித்தல். அதன் கீழ் பழனியாண்டித் துரையின் சட்டபூர்வ வாரிசு என்று போட்டுக் கையெழுத்திட்டார். தேதி போடப் பேனாவைக் கொண்டுபோனபோது அவள் தன் கறுத்த விரலைத் தாளில் வைத்துத் தடுத்தாள்.

“அத விட்டு வை. நான் போன தேதிய மட்டும் அவங்க சரியாப் போட்டுக்குவாங்க.”